ஆடு தின்ன சேலை

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில், நம்மோடு போர்டிங்கில் படித்த ஒருத்தி, "அதெல்லாம் பொற்காலம்டி" என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. களியில் கல் கிடந்ததும், சிரங்குக்குக் கந்தக மருந்து பூசிக்கொண்டு வெயிலில் வரிசையாக நின்றதும் அவளுக்கு மறந்துவிட்டன போலிருக்கிறது. வயதானால் பல்லோடு ஞாபகமும் விழுந்துவிடுகிறது. எனக்குப் பல் போய்விட்டது, ஞாபகம் போகவில்லை. அதனால், ஈஸ்டருக்கு முன் நாற்பது நாள் விரதம் இருந்த அந்த ஒரு தபசு காலத்தை நானே எழுதி வைத்துவிடுகிறேன். உங்களில் பலர் அதே கூரையின் கீழ்தான் படுத்திருந்தீர்கள். ஆனால் உங்கள் பாய்க்குப் பக்கத்துப் பாயில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டோம்.

இரண்டாம் உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. எங்கள் ஊருக்கும் போர்டிங்குக்கும் நடுவில் ஒரு காடு. ஆண் பிள்ளைகள் அதைத் தாண்டிப் பள்ளிக்கு நடந்து போய் வருவார்கள். பெண் பிள்ளைகளை அப்படி அனுப்ப மாட்டார்கள் என்பதால் மாதா கோயிலை ஒட்டிக் கன்னியாஸ்திரி மதரம்மா நடத்திய போர்டிங்கில் எங்களைச் சேர்த்தார்கள். நீளமான ஓட்டுக் கட்டடம், வரிசையாகக் கோரைப் பாய், ஆளுக்கு ஒரு தகரப் பெட்டி, ஒரு முரட்டுத் துப்பட்டி. காலையில் கூழ், ராத்திரி களி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் சோறு. நான் நாலாவது, அக்கா எட்டாவது.

அக்காவைச் சேர்த்தபோதே அப்பா மதரம்மாவிடம் ஒரு பேச்சு பேசி வைத்திருந்தார். ஒவ்வொரு வருஷமும் பள்ளி திறக்கிற அன்று அதை மறக்காமல் திருப்பிச் சொல்வார்.

"பெரிய மனுசி ஆவற வரைக்கும் படிக்கட்டுங்க மதரம்மா. ஆனதும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பிடுங்க. வண்டி கட்டிக்கிட்டு வந்து கூட்டிட்டுப் போயிடறேன்."

மதரம்மா, "ஆகட்டும், சொல்லி அனுப்புகிறேன்" என்பார். அவர் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து வந்தவர். கொடுத்த வார்த்தையை மீறுவது பாவம் என்று நினைக்கிறவர். எங்களுக்கு அதுதான் பயம்.

வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் என்ன செய்வார்கள் என்பது ஊருக்கே தெரியும். அம்மாவின் தம்பி, எங்கள் தாய் மாமன், தயாராக இருந்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். பார்க்க வரும்போதெல்லாம் வெல்லமும் வேர்க்கடலையும் கொண்டு வருவார். ஆனால் வந்தவுடன் அக்காவைச் சுவரோரம் நிற்கச் சொல்லி, "போன தடவைக்கு இப்ப ஒசந்துட்டா இல்ல?" என்று கேட்பார். மாட்டுச் சந்தையில் கன்று பார்க்கிற பார்வை அது. அக்கா அந்த வெல்லத்தைத் தொட மாட்டாள். எல்லாம் எனக்குத்தான். நான் கொழுத்தது அப்படித்தான்.

அக்காவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. எட்டாவது சர்க்கார் பரீட்சை எழுத வேண்டும். அதில் பாஸானால் டீச்சர் ட்ரெய்னிங்கில் சேரலாம். சேர்ந்துவிட்டால் உபகாரச் சம்பளம் உண்டு, யாரையும் கேட்க வேண்டியதில்லை. பங்குனியில் பரீட்சை. அதற்கு முன்னால் வண்டி வந்துவிட்டால் எல்லாம் போச்சு.

தபசு காலம் தொடங்கிய வாரத்தில்தான் அது நடந்தது. காலைப் பூசைக்கு மணி அடித்துவிட்டது. அக்கா மட்டும் துப்பட்டியை இடுப்பில் சுற்றிக்கொண்டு பாயிலேயே உட்கார்ந்திருந்தாள். எழுப்பப் போன என் கையைப் பிடித்தாள். அந்தப் பிடியின் வலி இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"யார்கிட்டயும் சொல்லாதே. சொன்னே, நான் கெணத்துல குதிச்சுடுவேன்."

எனக்கு விவரம் புரியாத வயது. ஆனால் கிணறு புரிந்தது.

துணிக்குக் கன்ட்ரோல் வந்திருந்த வருஷம் அது, ஞாபகம் இருக்கிறதா? ஊரில் பெண்கள் ஒரே சேலையைப் பாதி உடுத்திக்கொண்டு பாதியைத் துவைத்துக் காய வைத்தார்கள். எங்களுக்கு ஆளுக்கு இரண்டு பாவாடை. அக்கா தன் பழைய பாவாடையைக் கிழித்தாள். மிச்சம் ஒன்றே ஒன்று. கிழித்ததை அலசிக் கள்ளிவேலிக்கு அந்தப் பக்கம் உலர்த்துவது என் வேலை. யாராவது வந்தால் நான் பாட்டாக ஜெபம் சொல்ல வேண்டும். மதரம்மா ஒரு முறை அதைக் கேட்டுவிட்டு, தானாக ஜெபம் சொல்லுகிற பிள்ளை என்று என் தலையைத் தடவிக் கொடுத்தார்.

அக்காவையும் அவர் மெச்சினார். வயிற்று வலியில் அவள் சாப்பிடாமல் ஒதுங்கி உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, "பாருங்கள், பெரிய பிள்ளை எப்படி ஒருசந்தி பிடிக்கிறாள்! முகத்தில் ஒரு களை தெரிகிறது" என்று எல்லோர் எதிரிலும் சொன்னார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அதையும் பணிவு என்றார்.

இரவு பகலாக என்னை அரித்த கேள்வி வேறு. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருப்பது, பொய் சொல்லாதே என்கிற எட்டாம் கற்பனையில் வருமா? பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரைக் கேட்கலாமென்று போனேன். முழங்காலிட்டதும் பயம் வந்துவிட்டது. வெல்லம் திருடினேன் என்று திருடாத ஒன்றைச் சொல்லிவிட்டு வந்தேன்.

இத்தனையும் மறைத்த எங்களால் ஒருவரிடம் மட்டும் மறைக்க முடியவில்லை. சனிக்கிழமைதோறும் கழுதையோடு வரும் சலவைக்காரம்மா. சிரங்கு பரவாமல் இருக்கத் துப்பட்டிகளை வாரம் ஒருமுறை வெள்ளாவியில் வைக்க வேண்டும் என்பது மதரம்மாவின் சட்டம். அந்த அம்மா எங்கள் ஊர்க்காரர். எங்கள் வீட்டுத் துணியையும் அவர்தான் வெளுத்தார். அந்தக் காலத்தில் எங்களைப் போன்ற வாண்டுகள்கூட அவரைப் பெயர் சொல்லி, "வா, போ" என்றுதான் கூப்பிட்டோம். அவரோ எங்களை "பாப்பா, வாங்க" என்பார். எப்படிப்பட்ட வளர்ப்பு பாருங்கள்.

துப்பட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தவர் அக்காவுடையதை எடுத்ததும் நிறுத்தினார். முந்தின நாள் நாங்கள் தேய் தேயென்று தேய்த்த இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். வேலியோரம் வரச் சொல்லிக் கண்ணைக் காட்டினார்.

"எப்பங்க பெரிய பாப்பா?"

அக்கா அழ ஆரம்பித்துவிட்டாள். அன்றுதான் முதல் முறையாக அவரிடம் மரியாதை வைத்துப் பேசினாள். "வூட்ல சொல்லிடாதீங்க. உங்க கால்ல விழறேங்க. பரீட்சை முடியட்டுங்க."

"கால்ல கீல்ல வுழாதீங்க, ஆவாது. சேதி சொல்றது என் முறைங்க. மொதத் துணி எனக்கு வரணும், சேதி நான் கொண்டு போவணும். எங்காத்தா காலத்துலேர்ந்து அப்பிடித்தான். சொல்லாம வுட்டா என் தொழிலுக்கு ஆவாதுங்க. பொண்ணுக்கும் ஆவாது."

"சொன்னா நான் செத்துடுவேன்."

அவர், அக்கா கிழித்து வைத்திருந்த துணிகளை வாங்கி மூட்டையின் நடுவில் சொருகிக்கொண்டார். தன் கழுதை மேலிருந்து வெளுத்த பழந்துணி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். மாத்து என்பார்கள். வயதுக்கு வந்த பெண்ணுக்குச் சலவைக்காரர் கொண்டுவந்து கொடுக்கும் மாற்றுத் துணி. "முறைப்படி யாருகிட்ட சொல்லணுமோ அவங்ககிட்டச் சொல்லிக்கிறேங்க" என்று கழுதையைத் தட்டினார்.

யாரிடம் சொல்லுவார்? வீட்டில் சொல்லுவார். வீடு என்றால் அப்பா. எங்களுக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான். எங்கள் வீட்டில் விதைப்பதும் அறுப்பதும் கடன் கொடுப்பதும் கல்யாணம் பேசுவதும் அப்பா. அம்மா சபையில் வாய் திறந்து நான் பார்த்ததே இல்லை.

அந்த வாரம் முழுக்க நாங்கள் காதாகவே இருந்தோம். எங்கள் வண்டியின் சத்தம் தனி. வலது மாட்டின் கழுத்து மணிக்கு நாக்கு உடைந்துபோய்த் தகரம் தட்டுவது போல ஒலிக்கும். ரோட்டில் எந்த வண்டி போனாலும் அக்கா எழுதிக்கொண்டிருந்த பலகையிலிருந்து கையை எடுத்துவிடுவாள். கணக்கில் அவள் புலி. அந்த வாரம் சாதாரண வட்டிக் கணக்கே தப்பாகப் போட்டு முட்டிக்கால் போட்டாள். சிலுவைப் பாதையில் "இயேசுநாதர் இரண்டாம் முறை விழுகிறார்" என்று சொன்னபோது எங்கோ தகரம் தட்டுகிற சத்தம் கேட்டது. அக்கா என் தோளைப் பிடித்தாள். அது ஈயம் பூசுகிறவன்.

வண்டி வரவில்லை. அடுத்த சனிக்கிழமை சலவைக்காரம்மா வந்தார், எங்களைப் பார்க்காதது போல எண்ணினார், கட்டினார், போனார். சரி, மனம் இரங்கிச் சொல்லாமல் விட்டுவிட்டார் என்று நினைத்தோம். அக்கா திரும்பப் படிக்கத் தொடங்கினாள்.

அடுத்த மாதம் இன்னும் மோசமாகப் போயிற்று. மூட்டை கட்டுகிற நேரத்தில், வழக்கமில்லாமல், மதரம்மாவே எண்ணிப் பார்க்க வந்துவிட்டார். யாருடைய துப்பட்டியோ காணாமல் போனதாகப் புகார். ஒவ்வொன்றாக விரித்துப் போடச் சொன்னார். நாங்கள் எல்லோரும் வரிசையில் நின்றோம். நீங்களும்தான் நின்றீர்கள். ஒரு துப்பட்டியில் சிவப்பாக ஒரு கறை.

"இது யாருடையது?"

ஒவ்வொரு துப்பட்டியின் மூலையிலும் சேங்கொட்டை மையால் ஒரு குறி இருக்கும். மதரம்மா மூக்குக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு குறியைப் பார்க்கக் குனிந்தார். அக்காவின் உதடு வெளுத்துவிட்டது. எனக்கு ஒன்றுக்கு வருகிற மாதிரி இருந்தது.

சலவைக்காரம்மா அந்த மூலையைச் சட்டென்று கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டார். "என்னுதுங்க மதரம்மா. வெத்தலச் சாறுங்க. தும்மல் வந்துது, தெறிச்சுப்போச்சு."

மதரம்மா அவர் வாயைப் பார்த்தார். வாய் நிறைய வெற்றிலைதான்.

"பூசைப் பீடத் துணியும் போகிற மூட்டை இது. இதன்மேல் துப்புகிறாயா? வெற்றிலை போட்டுக்கொண்டு உள்ளே வரக்கூடாது என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்! இனி நீ வர வேண்டாம். வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன்."

"சரிங்க" என்று சொல்லி, மூட்டையைக் கழுதை மேல் ஏற்றினார். போகும்போது அக்காவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நல்லவரான மதரம்மா அன்று ஒரு ஏழையின் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டுத் தேவாலயத்துக்கு ஜெபம் செய்யப் போனார்.

எனக்கு நன்றியை விடப் பயம்தான் அதிகமாக இருந்தது. "இப்பக் கோவத்துல போயிச் சொல்லிடுவாங்க இல்லக்கா?" என்றேன். அக்கா, "சொல்லுவாங்க" என்றாள். "நமக்காக வேலை போச்சு. இனி எதுக்குச் சொல்லாம இருக்கணும்?"

மறுநாள் ஞாயிறு. பார்க்க வருகிற நாளும் அல்ல. பூசை முடிந்து சோற்றுக்கு உட்கார்ந்திருக்கிறோம், நாக்கு உடைந்த மணி கேட்டது.

கேட் வழியாக எங்கள் வண்டியேதான் வந்தது. அப்பா ஓட்டிக்கொண்டு வந்தார், பக்கத்தில் மாமன், பின்னால் அம்மா. அக்கா தட்டை வைத்துவிட்டு எழுந்தவள் கிணற்றுப் பக்கமாக நடந்தாள். நான் எச்சில் கையோடு ஓடிப்போய் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டேன். துணி கிழிகிற சத்தம் கேட்டும் விடவில்லை. அதற்குள் அம்மா எங்களைப் பார்த்துவிட்டாள். வண்டி நிற்பதற்கு முன்பே இறங்கி வந்தாள்.

அப்பா சிரித்துக்கொண்டுதான் இருந்தார். "உங்கம்மா கெட்ட கனா கண்டாளாம். பிள்ளைங்களைப் பாத்தாத்தான் தண்ணி குடிப்பேன்னு உக்காந்துட்டா. கம்புக் காட்டுல வேலை கெடக்குது."

அக்கா கிணற்றின் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மா அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள், கண்ணைக் கீழே இழுத்துப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. "நல்லா எழுது" என்று மட்டும் சொன்னாள். ஒரு தூக்குச் சட்டியை நீட்டினாள். உளுந்து மாவில் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் சேர்த்து உருட்டிய உருண்டைகள். "இவளுக்குத்தான். நீ தொடாதே" என்று என்னிடம் கண்டிப்பாகச் சொன்னாள். எனக்கு வெறும் பொரிகடலை. ஓரவஞ்சனை என்று முகத்தைத் தூக்கிக்கொண்டேன். ஒரு மூட்டைப் பழந்துணி வேறு கொடுத்தாள், தகரப் பெட்டி துருப்பிடிக்காமல் உள்ளே விரிக்கவாம். நமக்கு அதிர்ஷ்டம் பாரேன் என்று அப்புறம் நானும் அக்காவும் பேசிக்கொண்டோம்.

அம்மா ஒட்டுப்போட்ட நூல் சேலை கட்டியிருந்தாள். வெளியே கிளம்பினால் மாம்பழ நிறத்தில் கிளிப்பச்சைக் கரை போட்ட சேலைதான் கட்டுவாள். தம்பி பிறந்தபோது மாமன் எடுத்துக் கொடுத்தது. அவளிடம் இருந்த ஒரே நல்ல சேலை.

"அந்தச் சேலை எங்கக்கா?" என்று மாமனே கேட்டார்.

"ஆடு தின்னுடுச்சு" என்றாள் அம்மா.

"சேலை திங்கற ஆட்டை இவ வூட்லதான் பாத்தேன்" என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டார். "கொடியில போட்டிருந்தாளாம், கரைகூட மிச்சம் வெக்கலியாம்." மாமன் அக்காவின் உயரத்தைப் பார்த்துவிட்டு, "அடுத்த அறுப்புக்குள்ள ஆயிடும்" என்றார். வண்டி திரும்பிப் போயிற்று. அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பரீட்சைக்குத் தர்மபுரிக்குக் கரி பஸ்ஸில் போனார்கள். பின்னால் அடுப்பு மாதிரி ஒன்று புகையும், மேட்டில் எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும். முகமெல்லாம் கரியோடு அக்கா திரும்பி வந்து, "எல்லாம் எழுதிட்டேன்டி" என்றாள். அவள் பல்லைக் காட்டிச் சிரித்து நான் பார்த்து மாதங்கள் ஆகியிருந்தன.

ஈஸ்டர் பாஸ்காவுக்கு வீட்டுக்குப் போனோம். சில நாள் கழித்து அக்கா அம்மாவிடம் போய், "அம்மா, வந்துடுச்சு" என்றாள். பயந்து பயந்து, ஏதோ அன்றுதான் வந்த மாதிரி. அம்மாவும், "அப்பிடியா" என்று சொல்லி, சலவைக்காரம்மாவுக்கு ஆள் அனுப்பினாள். அந்த அம்மா வந்தார், மாத்து கொடுத்தார், முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறவில்லை. அப்பா சொந்தபந்தத்துக்கெல்லாம் சொல்லி அனுப்பினார். மாமன் வழக்கப்படி பச்சை ஓலையில் குடிசை கட்டினார். அக்கா அதற்குள் உட்கார்ந்துகொண்டு, பரீட்சை எழுதியும் பிரயோசனமில்லாமல் போய்விட்டதே என்று அழுதாள். பரிசம் பேசப் பெரியவர்கள் வந்து இறங்கிவிட்டிருந்தார்கள்.

மஞ்சள் நீர் ஊற்றுகிற நாள். வாசல் நிறையச் சனம். சலவைக்காரம்மா பின்கட்டிலிருந்து வந்தார். மாம்பழ நிறச் சேலை, கிளிப்பச்சைக் கரை.

முதலில் பார்த்தவர் மாமன்தான். "அக்கா, இது நான் எடுத்த சேலையில்ல?"

அப்பா திரும்பினார். சேலையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். "ஆடு தின்னுடுச்சுன்னியே?"

அம்மா மஞ்சள் கரைத்துக்கொண்டிருந்த கையை நிறுத்தவில்லை. சலவைக்காரம்மாவுக்கு உரிய தட்டு அப்பா கையில் இருந்தது. வெற்றிலை, பாக்கு, அரிசி, அதன் மேல் கன்ட்ரோலில் வரிசை நின்று வாங்கிய புதுச் சேலை. அவர் அந்தத் தட்டை நீட்டினார்.

சலவைக்காரம்மா வெற்றிலை பாக்கை மட்டும் எடுத்துக்கொண்டார்.

"சேலை எனக்கு அப்பவே வந்துடுச்சுங்க. சேதி சொன்ன அன்னிக்கே அம்மா குடுத்துட்டாங்க. ஒரு பொண்ணுக்கு ரெண்டு சேலை வாங்குனா என் தொழிலுக்கு ஆவாதுங்க."

வந்திருந்த பெண்கள் எல்லோருக்கும் நொடியில் புரிந்துவிட்டது. இந்தச் சேதி வாசல் வழியாக வருகிற சேதி இல்லை. புழக்கடை வழியாக அம்மாவின் காதுக்குத்தான் முதலில் வரும். வெளியே எப்போது சொல்வது என்பது அம்மாவின் பாடு. ஊர்ப் பெண்களுக்கெல்லாம் தெரிந்த அந்த முறை, போர்டிங்கில் வளர்ந்த எங்களுக்குத்தான் தெரியாமல் போயிற்று. உளுந்து உருண்டையும் பழந்துணியும் எனக்கு அப்போதுதான் விளங்கின. கெட்ட கனவும்தான்; வேலை போன அன்று இரவே சலவைக்காரம்மா மறுபடி புழக்கடைக்குப் போயிருக்கிறார்.

அப்பாவின் முகம் கறுத்தது. தன் வீட்டில் நடந்தது தனக்கே தெரியாது என்று சபையில் ஒத்துக்கொள்ள எந்த ஆண்பிள்ளையால் முடியும்? தொண்டையைக் கனைத்தார்.

"தெரியும், தெரியும். பரீட்சை முடியட்டும்னு நான்தான் சொல்லி வெச்சேன்."

அம்மா கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள். அவள் சபையில் பேசி நான் கேட்ட முதல் பேச்சு அது.

"ஆமாங்க. ட்ரெய்னிங்குக்கும் அனுப்பறேன்னு நீங்கதானே சொன்னீங்க."

ஒரு பொய்யை ஒத்துக்கொண்ட அப்பா இன்னொன்றை எப்படி மறுப்பார்? "ஆமா" என்றார். அம்மா மாமனிடம் திரும்பி, "தம்பி, நீ வேற எடம் பாத்துக்கடா" என்றாள். சொல்லும்போது அவள் கண் கலங்கியிருந்தது. கூடப் பிறந்தவன் அல்லவா.

ஆடி மாதம் வரை அப்பா அம்மாவிடம் நேரடியாகப் பேசவில்லை. சோறுகூட என் மூலமாகத்தான் கேட்டார். ஆனால் சபையில் கொடுத்த வார்த்தை. அக்கா பாஸானதும், ட்ரெய்னிங் ஸ்கூலுக்கு அவளை ரயிலேற்ற அவரேதான் அந்த வண்டியைக் கட்டினார். நாக்கு உடைந்த மணியை அன்று அக்கா வழி முழுக்கக் கேட்டுக்கொண்டு போயிருப்பாள்.

பிறகு நம் போர்டிங்குக்கே அவள் டீச்சராக வந்தது உங்களுக்குத் தெரியும். வந்ததும் முதல் வேலையாக மதரம்மாவிடம் வெற்றிலைச் சாற்றின் கதையைச் சொன்னாள். அடுத்த சனிக்கிழமை கழுதை மறுபடியும் கேட்டுக்குள் வந்தது.

அதன் பிறகு எந்தத் தகப்பன் தன் மகளைச் சேர்க்க வந்து, "ஆனதும் சொல்லி அனுப்பிடுங்க டீச்சர், வண்டி கட்டிக்கிட்டு வந்திடறேன்" என்றாலும், அக்கா பணிவாக ஒரே பதில்தான் சொல்வாள்.

"கண்டிப்பாங்க. முறைப்படி சொல்லி அனுப்பிடறேன்."